கிட்டங்கியில் தூங்கும் பழைய கம்ப்யூட்டரும் கடைக்கு உதவும் மின்பெட்டியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்கு அருகில் பால்கோவாவும் காரவகைகளும் விற்கும் நண்பர் ஒருவர், 2023-ஆம் ஆண்டு ஆடிப்பூரத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது காலை ஆறு மணிக்கே எனக்குப் போன் செய்தார். முந்தின நாள் இரவு கரண்ட் இரண்டு முறை போய் வந்திருக்கிறது. காலையில் கடையைத் திறந்து பார்த்தால் நான்கு கேமராக்களும் படம் காட்டவில்லை. தேர் பார்க்க வரும் கூட்டம் எப்படிப்பட்டது என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நாளில் கல்லாப் பெட்டிக்கு மேலே கேமரா இல்லாமல் வியாபாரம் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு வியாபாரம் செய்வதைப் போல.

கேமரா மாட்டித் தந்த கடைக்காரர் வந்து பார்த்தார். மீட்டரை வைத்தார், தலையை ஆட்டினார். "நாலும் போச்சு. புதுசு மாத்திடலாம். பதினாறாயிரம் ஆகும்" என்றார். நண்பர் பணத்தை எடுக்கவே தயாராகிவிட்டார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. நான்கு மூட்டைப் பருப்பிலும் ஒரே ராத்திரியில் வண்டு விழுந்தால் மூட்டையைச் சந்தேகிப்போமா, கிட்டங்கியைச் சந்தேகிப்போமா?

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் டி.வி., மிக்ஸி, யு.பி.எஸ். எல்லாம் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். அவரை அழைத்துக்கொண்டு மதியம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். இடையில் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே. அவர் பையிலிருந்து எடுத்தது ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டி. பழைய கம்ப்யூட்டரின் உள்ளே மின்விசிறியோடு இருக்குமே, அந்தப் பெட்டிதான். அதிலிருந்து வந்த ஒயரை ஒரு கேமராவில் செருகினார். செருகியதும் படம் வந்தது. அடுத்த கேமராவுக்கும் வந்தது. நான்கும் வந்தன.

"அண்ணாச்சி, கேமரா எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதுக்குச் சாப்பாடுதான் வரலை" என்றார் தம்பி. நான்கு கேமராவுக்கும் பொதுவாக மின்சாரம் கொடுக்கும் சிறிய சப்ளை பெட்டி ஒன்றுதான் பழுது. புதிய சப்ளை சில நூறு ரூபாயில் முடிந்துபோயிற்று.

அன்று திரும்பி வரும்போதே, அதுபோல ஒரு பெட்டி என் கடையிலும் வேண்டும் என்று முடிவு செய்தேன். செய்தும் விட்டேன். நம் உறுப்பினர்கள் பலருடைய கிட்டங்கியிலும் இதற்கான மூலப்பொருள் சும்மா கிடக்கிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

எங்கிருந்து வந்தன இந்தப் பெட்டிகள்?

தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1-ஆம் தேதி மதிப்புக் கூட்டு வரி வந்தது. அதுவரை பேரேடும் கணக்குப்பிள்ளையுமாக இருந்த கடைகளில் பல அப்போதுதான் முதல் கம்ப்யூட்டரை வாங்கின. 2014 ஏப்ரலில் பழைய எக்ஸ்.பி. மென்பொருளுக்குக் கம்பெனி ஆதரவை நிறுத்தியது. சிலர் அப்போது பெட்டியை மாற்றினார்கள். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் மீதிப் பேரும் மாற்றினார்கள். பழைய பெட்டி எங்கே போயிற்று? பரணிலோ கிட்டங்கி மூலையிலோ சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். மே 5 வணிகர் தினத்தில் கடையை அடைத்துவிட்டுச் சுத்தம் செய்யும்போது ஒவ்வொரு வருடமும் அதைப் பார்க்கிறோம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நகர்த்தி வைக்கிறோம். காயலான் கடைக்காரர் அதை எடைக்குத்தான் எடுப்பார்.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மின்சப்ளையை ரிப்பேர் கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று தணித்து, நேர் மின்சாரமாக மாற்றிக் கொடுப்பதே இதன் வேலை. 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டரில் இருந்த சப்ளையின் திறன் வெறும் 63.5 வாட். நம் கடைக் கம்ப்யூட்டர்களில் இருப்பவை 250, 300, 450 வாட் என்று எழுதியிருக்கும். (வாட் என்றதும் நமக்கு வரிதான் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது மின்சக்தியை.) பெயர்ப்பலகையில் உள்ள வாட் கணக்கை அப்படியே நம்பிவிட வேண்டாம். மலிவான பெட்டிகளில் அது மாவு வியாபாரியின் விளம்பரம் போலத்தான். ஆனால் நமக்குத் தேவைப்படுவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

1995-ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்ற ஒரே முறையை வகுத்ததால், அதன்பின் வந்த பெட்டிகளில் ஒயர்களின் நிறம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. மஞ்சள் 12 வோல்ட். சிவப்பு 5 வோல்ட். ஆரஞ்சு 3.3 வோல்ட். கறுப்பு எல்லாவற்றுக்கும் பொதுவான மைனஸ். ஊதா ஒயரில், பெட்டி ஓடாமல் இருந்தாலும் பிளக் செருகியிருக்கும்வரை 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். பச்சைதான் சாவி. பச்சையைக் கறுப்போடு சேர்த்தால் பெட்டி ஓடும், பிரித்தால் நிற்கும். நீலத்தில் மைனஸ் 12 வோல்ட் உண்டு, அது நமக்கு வேண்டாம். சாம்பல் நிறத்தையும் தொட வேண்டாம். சில பெரிய கம்பெனிகள் பழைய நாளில் தங்கள் சொந்த வரிசையில் ஒயர் கொடுத்ததும் உண்டு. ஆகையால் நிறத்தை மட்டும் நம்பாமல், முதலில் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

பெட்டியைத் திறக்காமல் செய்யும் முறை

இதைப் பற்றி எழுதுபவர்கள் பலர், தகரப் பெட்டியைத் திறந்து, உள்ளே துளை போட்டு, ஒயரை வெட்டி, முனைகளைப் பொருத்தச் சொல்கிறார்கள். நமக்கு அது வேண்டாம் என்பது என் திடமான கருத்து. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கும் மேலான மின்சாரம் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். தொழில் தெரிந்தவர்களே அதில் அடி வாங்கியிருக்கிறார்கள். உப்பு, புளி எடை போடும் நாம் அதில் கை வைப்பானேன்? வெளியே தொங்கும் ஒயர்களில் இருப்பதெல்லாம் 12 வோல்ட்டுக்கு உட்பட்டது. அது கையில் அடிக்காது. வேலை முழுவதையும் வெளியிலேயே முடித்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் நான்கு திருகாணிகளைக் கழற்றினால் சப்ளை தனியே வந்துவிடும். பெட்டிகள் இரண்டு மூன்று இருந்தால், புதியதாக உள்ளதை எடுங்கள். பழையவற்றில் 5 வோல்ட் பக்கம்தான் பலம் அதிகம். பிந்தி வந்தவற்றில் 12 வோல்ட் பக்கம் பலம் அதிகம், நம் கடைச் சாமான்களுக்கு வேண்டியதும் அதுதான். பெட்டியின் ஸ்டிக்கரில் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். பருப்பு மாவு, வத்தல் தூசி அடைத்திருந்தால் சன்னல் வழியே காற்று அடித்து வெளியேற்றுங்கள். தீய்ந்த வாடை அடித்தாலோ, விசிறி கையால் தள்ளியும் சுற்றவில்லை என்றாலோ அதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது முக்கியம். சில பெட்டிகளின் பின்புறம் 115 / 230 என்று எழுதிய சிறிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அது 230-ல்தான் இருக்க வேண்டும். 115-ல் வைத்து நம் ஊர்க் கரண்டில் செருகினால் ஆலங்குளத்துக்குக் கேட்கும்படி வெடிக்கும். 230-ல் தள்ளி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.

பிளக் மூன்று முனையுடையதாகவும், கடையின் எர்த் நல்லதாகவும் இருக்க வேண்டும். எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் இதைச் செருகினால் தகரத்தைத் தொடும்போது விறுவிறுக்கும்.

இப்போது ஒரு பலகை. பழைய சரக்குப் பெட்டியின் பலகையே போதும். அதன்மேல் சப்ளையைத் திருகி நிறுத்துங்கள், விசிறியின் வாய் மறையக் கூடாது. தாய்ப்பலகையில் செருகும் பெரிய கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றுதான் இருக்கும். அந்தத் துளையிலிருந்தும் பக்கத்திலுள்ள கறுப்புத் துளையிலிருந்தும் இரண்டு சிறு ஒயர் எடுத்து ஒரு சாதாரண ஸ்விட்சில் சேர்த்தால், அதுவே ஆன்-ஆஃப். இதில் ஓடுவது மிகச் சிறிய மின்சாரம், ஆகவே பெரிய ஸ்விட்ச் தேவையில்லை. கனெக்டரின் மற்றத் துளைகளை டேப் சுற்றி மூடிவிடுங்கள்.

வெளியே மின்சாரம் எடுக்க, முன்பு ஹார்டு டிஸ்க்கில் செருகிக்கொண்டிருந்த நான்கு முனைக் கனெக்டரே போதும். அதில் மஞ்சள், கறுப்பு, கறுப்பு, சிவப்பு என்று வரிசையாக இருக்கும். இதற்கு மறுமுனைக் கனெக்டர் ஒயருடன் கம்ப்யூட்டர் சாமான் கடைகளில் கிடைக்கிறது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் இருந்தால் ஒரு கை நிறைய வாங்கிவரச் சொல்லலாம். இதனால் சப்ளையின் ஒயர் ஒன்றைக்கூட வெட்ட வேண்டியதில்லை. நாளைக்கு வேண்டாமென்றால் அப்படியே கழற்றிக் கம்ப்யூட்டரிலேயே திரும்ப மாட்டலாம்.

மஞ்சள் ஒயர் ஃபியூஸ் வழியாகச் சிவப்பு முனைக்குப் போக வேண்டும். இந்த ஃபியூஸை விட்டுவிடாதீர்கள். "பெட்டிக்குள்ளேயே ஷார்ட் ஆனால் நிற்கும் ஏற்பாடு இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அது 15, 20 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழிக்கும். நாம் வைத்திருக்கும் மெல்லிய ஒயர் அதற்கு முன்பே சிவந்து, உருகி, பலகையைக் கருக்கிவிடும். 12 வோல்ட் அடிக்காது என்பது உண்மை, சுடாது என்று யாரும் சொல்லவில்லை. சாக்கும் அட்டைப்பெட்டியும் அடுக்கிய இடத்தில் இருப்பவர்கள் நாம். ஆகவே 12 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 2 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். பைக், கார்களில் போடும் பட்டை ஃபியூஸும் அதற்கான பிடியும் ஆட்டோமொபைல் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். ஸ்விட்ச், ஃபியூஸ், முனைகள் எல்லாம் வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாக்ஸ் ஒன்றில் அடங்கிவிடும்.

பழைய பெட்டிகள் சில, சுமை இல்லாவிட்டால் சரியாக ஓடாது. விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுவிடும், அல்லது 12 வோல்ட் குறைந்து காட்டும். அதற்குச் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 10 ஓம், 10 வாட் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட வேண்டும். அது அரை ஆம்பியர் இழுக்கும், இரண்டரை வாட் சூடாகும். விசிறிக் காற்று படும் இடத்தில், தகரத்தின்மேல் இறுக்கி வையுங்கள்.

ஓட்டிப் பார்த்து மீட்டர் வைத்தால் 12 வோல்ட் முனையில் 11.4-லிருந்து 12.6 வரையும், 5 வோல்ட் முனையில் 4.75-லிருந்து 5.25 வரையும் இருக்கலாம். இதற்கு வெளியே போனால் அந்தச் சப்ளையை ஒதுக்கிவிடுங்கள்.

கடையில் இதன் வேலை என்ன?

மீட்டர் இருக்கும்போது பெட்டி எதற்கு என்று என் மகனே கேட்டான். நண்பர் கடைக்கு முதலில் வந்தவர் ஏமாந்ததும் இந்த இடத்தில்தான். (அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை.) பழுதான அடாப்டர்கள் பலவும் சுமை இல்லாதபோது மீட்டரில் 12 வோல்ட் சரியாகவே காட்டும். கேமராவைச் செருகியதும் எட்டு, ஒன்பது என்று சரிந்துவிடும். உள்ளே கெபாசிட்டர் உப்பிப்போனதுதான் காரணம். மீட்டரில் சப்ளை சரி என்று தெரிந்தால், பழி கேமரா மேல்தானே விழும்?

இதற்கு இரண்டு சோதனை. ஒன்று, சாமானைக் கழற்றி நம் பெட்டியில் செருகிப் பார்ப்பது. ஓடினால் அடாப்டர் பழுது. இன்னொன்று அடாப்டரையே சோதிப்பது. பைக்கின் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, 12 வோல்ட் 10 வாட் உள்ளது, எடுத்துக்கொள்ளுங்கள். அதை அடாப்டரின் இரண்டு முனைகளிலும் கொடுத்துவிட்டு மீட்டர் வையுங்கள். பல்பு ஏறத்தாழ 0.8 ஆம்பியர் இழுக்கும். ஒரு ஆம்பியருக்குக் குறையாத 12 வோல்ட் அடாப்டர் நல்லதாக இருந்தால் அசையாமல் நிற்கும். 11-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டியதுதான். இந்த இரண்டாவது சோதனைக்கு நம் பெட்டிகூட வேண்டாம், பல்பும் மீட்டரும் போதும். ஒன்றும் செய்ய நேரமில்லாதவர்கள் இதையாவது செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாமானின் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். 'அவுட்புட் 12 வோல்ட், 1 ஆம்பியர்' என்று இருந்தால், வோல்ட் கண்டிப்பாக ஒத்துப்போக வேண்டும். 9 வோல்ட் மோடத்தை 12-ல் கொடுக்காதீர்கள். ஆம்பியர் அப்படியல்ல. நம் பெட்டி 12 ஆம்பியர் கொடுக்கக்கூடியது என்றால், ஒரு ஆம்பியர் மோடத்துக்குள் பன்னிரண்டையும் திணித்துவிடாது. மொத்த வியாபாரி நமக்கு இரண்டு லட்சம் வரை கடனுக்குச் சரக்கு தருவார் என்றால், தேவையான இருபதாயிரத்துக்குத்தானே எடுக்கிறோம்? அதே கணக்குத்தான்.

பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. இதில் நான் பாடம் கற்றேன். பெட்டி செய்த உற்சாகத்தில், கேமரா பின்னுக்குப் போகும் இரண்டு ஒயரையும் அவசரத்தில் மாற்றிக் கொடுத்து, கடையின் ஃபைபர் மோடத்தில் செருகினேன். ஒரு சிறு வாடை, அவ்வளவுதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோடம் போயிற்று. மூன்று நாள் இன்டர்நெட் இல்லை, பில் எல்லாம் கையில் எழுதினோம். இப்போது பின்னைச் செருகுவதற்கு முன்பு மீட்டரின் சிவப்பு முனையைப் பின்னின் உள்ளேயும் கறுப்பு முனையை வெளியேயும் வைத்து, மைனஸ் குறி இல்லாமல் 12 காட்டுகிறதா என்று பார்க்காமல் எதையும் செருகுவதில்லை. கேமரா, மோடங்களில் பெரும்பாலும் நடுவில்தான் பிளஸ். அடாப்டர் மேல் அதற்கான சிறு படமும் இருக்கும்.

கேமராவைச் சோதிக்க டி.வி. வரை போக வேண்டியதில்லை. கண்ணாடியைக் கையால் மூடினால் இருட்டென்று நினைத்து, பல கேமராக்களில் சுற்றிலும் உள்ள இரவு விளக்குகள் மங்கலாகச் சிவக்கும். அப்படிச் சிவந்தால் கேமராவுக்கு மின்சாரம் சேர்கிறது என்று பொருள். ஒரு கேமரா அரை ஆம்பியருக்குள்ளாகவே இழுக்கும்.

அலமாரிகளில் ஒட்டும் எல்.இ.டி. பட்டை விளக்கு வாங்கும்போதும் பெட்டி உதவும். ஐந்து மீட்டர்ச் சுருளில், மெல்லிய ரகம் மீட்டருக்கு 4.8 வாட் என்றால் மொத்தம் 24 வாட், 2 ஆம்பியர். பெரிய ரகம் மீட்டருக்கு 14.4 வாட் என்றால் 72 வாட், 6 ஆம்பியர். பெரியதை நம் 3 ஆம்பியர் ஃபியூஸ் தாங்காது, ஒரு மீட்டர், இரண்டு மீட்டராகப் பிரித்துச் சோதிக்கலாம். விளக்கு ஒரு கோடியில் பளிச்சென்றும் மறுகோடியில் மங்கலாகவும் இருந்தால் ஒயர் போதவில்லை என்று அர்த்தம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைப் பத்து மீட்டர் இழுத்து 2 ஆம்பியர் ஓட்டினால், போக வர 20 மீட்டரில் 0.7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும்.

5 வோல்ட் முனையில் யு.எஸ்.பி. சாக்கெட் ஒன்று பொருத்தினால் யு.பி.ஐ. பணம் வந்ததைச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ், பார்கோடு ஸ்கேனர் போன்றவற்றின் சார்ஜர் பழுதா, சாமான் பழுதா என்று பார்த்துக்கொள்ளலாம். பில் அச்சடிக்கும் தெர்மல் பிரிண்டர் பலவும் 24 வோல்ட் கேட்பவை. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே 24 வோல்ட் வருமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். நீல ஒயர் ஒரு ஆம்பியர்கூடத் தாங்காது. பிரிண்டரை இதில் பார்க்க முடியாது என்று விட்டுவிடுங்கள்.

தராசைத் தொடாதீர்கள்

எலெக்ட்ரானிக் தராசு சார்ஜ் ஏறவில்லை என்றதும் நமக்குக் கை துறுதுறுக்கும். பெரும்பாலான கடைத் தராசுகளில் 6 வோல்ட் பேட்டரி இருக்கிறது. நம் பெட்டியில் 6 வோல்ட் இல்லை. 5 போதாது, 12 கொடுத்தால் தராசின் மூளையே எரிந்துபோகும். அதைவிடப் பெரிய விஷயம் முத்திரை. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். அந்த முத்திரையை உடைத்துத் திறக்க உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவருக்குத்தான் அதிகாரம் உண்டு. பழுது நீக்கிய பின் மறுபடியும் முத்திரை பெற வேண்டும். பேட்டரிக்காகத்தான் திறந்தேன், எடையில் கை வைக்கவில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிப் பாருங்கள். வாடிக்கையாளர் நடுவில் நின்றுகொண்டு அதைச் சொல்வது எப்படியிருக்கும்? வெளியே செருகும் அடாப்டர் உள்ள தராசாக இருந்தால், மேலே சொன்னபடி அந்த அடாப்டரை மட்டும் மீட்டர் வைத்துப் பாருங்கள். உள்ளே போக வேண்டாம்.

இன்வெர்ட்டர் பேட்டரியையும் இதில் இணைக்காதீர்கள். 2012-ல் பட்ட மின்வெட்டில் நம்மில் அநேகர் இன்வெர்ட்டர் வாங்கினோம், பழைய பேட்டரிகள் இன்னும் கிடக்கின்றன. 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் ஏற 13.8 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். நம் பெட்டி 12-லேயே நின்றுவிடும். பெட்டியை நிறுத்தினால் பேட்டரியின் மின்சாரம் திரும்பி அதற்குள்ளேயே பாயும்.

கடைசியாக ஒன்று. இது சோதனை போட மட்டும். கேமராவையும் மோடத்தையும் இரவும் பகலும் இதிலேயே ஓட்டலாமே என்று ஆசை வரும். எனக்கும் வந்தது. பத்துப் பதினைந்து வருடம் பழையது, விசிறி எந்த நாளும் நிற்கலாம், மாவுத் தூசி உள்ளே படியும். சிறு சுமைக்கு ஓட்டும்போது கணிசமான மின்சாரம் சூடாகவே வீணாகும். கடையைப் பூட்டிய பிறகு கிட்டங்கியில் ஓட விடத் தக்க பொருளல்ல. நிரந்தரமாக ஓட்ட பி.ஐ.எஸ். பதிவு எண் போட்ட புது அடாப்டர் வாங்கிவிடுங்கள். சோதனை முடிந்ததும் பெட்டியின் ஸ்விட்சை மட்டுமல்ல, பிளக்கையும் எடுத்துவிடுங்கள்.

மீதிக் கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி, எங்கே என்ன விலைக்குக் கொள்முதல் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. கணக்குகளை அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. 2017-க்குப் பின் ஓடிய பெட்டியாக இருந்தால், கணக்கு வேறு இடத்தில் நகல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எதையும் செய்யுங்கள். மின்னணுக் கழிவுக்கென 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒயரைத் தீயில் போட்டுச் செம்பு எடுப்பவரிடம் கொடுக்காமல், பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் போய்ச் சேரும்படி நாலு கடை சேர்ந்து அனுப்பலாம்.

என் பெட்டிக்கு ஆன செலவு ஃபியூஸ், ஸ்விட்ச், முனைகள், பிளாஸ்டிக் பாக்ஸ் எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள். மல்ட்டி மீட்டர் ஏற்கெனவே இருந்தது. செய்து முடித்த வாரமே பக்கத்து மருந்துக்கடையின் மோடம், எதிர்க்கடை கேமரா இரண்டு என்று வரிசையாக வந்தன. மூன்றிலும் அடாப்டர்தான் பழுது. நான்காவதாக வந்தது ஜவகர் மைதானம் பக்கத்து நண்பரின் கேமரா. பெட்டியில் செருகினேன், கண்ணாடியைக் கையால் மூடினேன், ஒன்றும் சிவக்கவில்லை. அது நிஜமாகவே போயிருந்தது. அவரிடம் சொன்னேன். புதிது வாங்கப் போய்விட்டார்.